சோலார் பேனல் ஏன் தட்டையாகவே இருக்கிறது?

போன கட்டுரையில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "மச்சி, தூக்கம் நல்லா வந்துச்சு" என்று சொன்ன என் வகுப்புத் தோழர்களுக்கு இந்தக் கட்டுரை சமர்ப்பணம். இந்த முறை வரி கிடையாது, சோலார்.

பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கும் சோலார் செல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிளஸ் டூவில் எனக்கு இயற்பியலே கிடையாது, பத்தாம் வகுப்பு அறிவியலோடு சரி. ஆனால் இரண்டு மாதமாக இதைப் பற்றி நிறையப் படிக்க வேண்டிய நிலைமை வந்தது (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இதில் பாதி இயற்பியல் என்றால் மீதிப் பாதி நாம் தினமும் திட்டிக்கொண்டே படிக்கிற காஸ்ட் அக்கவுண்டிங்தான்.

1954-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருப்படியான முதல் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டினார்கள். விழுகிற வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. அதிலிருந்து இன்றுவரை கூரைமேல் பார்க்கிற பேனல் எல்லாம் தட்டையாக, செவ்வகமாக, கேரம்போர்டு மாதிரி இருக்கிறது. இடையில் உருண்டை, குழாய், மரம், கோபுரம் என்று உலகத்தில் செய்யாத வடிவம் இல்லை. வடிவத்தை மாற்றினால் கரண்ட் கூடுமா, கூடாதா?

மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியில் போனாலும் தை, மாசியில் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். சம்பா அறுவடை முடிந்து ஈர நெல்லைத் தார் ரோட்டில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அதை யாரும் குவித்து வைத்துக் காயவைப்பதில்லை. குவியலாக வைத்தால் மேற்பரப்பு கூடத்தானே செய்கிறது? பத்துக்குப் பத்து இடத்தில் பரப்பிய நெல்லைவிட, அதே பத்துக்குப் பத்து இடத்தில் கோபுரமாகக் குவித்த நெல்லுக்கு வெளிப்பரப்பு அதிகம். ஆனால் உச்சி வெயிலில் இரண்டின் மேலும் விழுகிற வெயில் ஒன்றே. ஒரு பொருள் நேரடி வெயிலை எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிய, வெயிலுக்கு நேர் எதிரே ஒரு பலகையைப் பிடித்தால் அதில் எவ்வளவு நிழல் விழும் என்று பார்த்தால் போதும். நிழல் எவ்வளவோ அவ்வளவுதான் வெயில். வடிவம் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதை வைத்து ஒரு பந்தைப் பாருங்கள். பந்தின் வெளிப்பரப்பு 4πr². அதன் நிழல் ஒரு வட்டம், πr². பந்து முழுக்க சோலார் செல் ஒட்டினால் நான்கு பங்கு செல்லுக்குக் காசு கொடுத்து ஒரு பங்கு வெயில்தான் நேராகக் கிடைக்கும். குழாய்க்கு இந்த விகிதம் மூன்றே சொச்சம் (அதே π தான்). தட்டையான பலகைக்கு ஒன்றுக்கு ஒன்று. முதல் போட்டு வியாபாரம் செய்கிறவன் எதை எடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் உருண்டை செய்தவர்கள் எல்லாம் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. ஜப்பானில் கியோசெமி என்ற கம்பெனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருண்டைகளாக சிலிக்கான் செல் செய்தது. எப்படிச் செய்தார்கள் தெரியுமா? நம்ம ஊர்க் கல்யாண வீட்டில் பூந்தி தேய்க்கிற மாதிரி. உருகிய சிலிக்கானைச் சொட்டுச் சொட்டாக விழவிட்டால் விழும்போதே உருண்டையாகி இறுகிவிடும். வழக்கமான முறையில் சிலிக்கான் கட்டியைக் கம்பியால் மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். தேங்காய் துருவும்போது சிந்துகிற மாதிரி விலை உயர்ந்த சிலிக்கானில் ஒரு கணிசமான பங்கு தூளாகப் போய்விடும். உருண்டையில் அந்தச் சேதாரமே இல்லை. அதோடு எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற வெளிச்சத்தைப் பிடிக்கும், கண்ணாடிக்குள் பதித்தால் ஜன்னல் மாதிரி மறுபக்கமும் தெரியும். அவர்கள் உருண்டையைத் தேர்ந்தெடுத்தது சேதாரத்தைக் குறைக்கவும், தட்டைப் பேனல் போக முடியாத இடத்துக்குப் போகவும்.

குழாய்க் கதை இன்னும் சுவாரசியம். காமர்ஸ் படிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. கலிபோர்னியாவில் சோலின்ட்ரா என்று ஒரு கம்பெனி. ஒரு பேனலில் தட்டைப் பலகைக்குப் பதிலாக டியூப்லைட் மாதிரி 40 கண்ணாடிக் குழாய்கள். குழாயின் உள்ளே சிலிக்கான் இல்லை, செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கலந்த மெல்லிய பூச்சு. கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டால் குழாய்களின் இடைவெளியில் விழுகிற வெயில் கூரையில் பட்டுத் திரும்பி குழாயின் அடிப்பக்கத்தில் விழும். அப்படியாக அந்த மூன்றே சொச்சம் பங்கு பரப்பு முழுக்க வீணாகாமல் கொஞ்சம் மீட்டுவிடுவார்கள். காற்றும் குழாய்களுக்கு நடுவே புகுந்து போய்விடும் என்பதால் கூரையில் துளை போட்டு போல்ட் இறுக்கத் தேவையில்லை, சும்மா வைத்தால் போதும். கூலி மிச்சம். நல்ல யோசனைதானே?

அவர்கள் திட்டம் போட்டபோது சிலிக்கான் விலை கொள்ளை விலை. 2008-ல் சோலாருக்கான சிலிக்கான் கிலோ 400 டாலருக்கு மேல்கூட விற்றது. சிலிக்கானே இல்லாத பேனல் என்பதால் குழாய் செய்கிற செலவு அதிகமானாலும் கட்டுப்படியாகும் என்று நினைத்தார்கள். 2009-ல் அமெரிக்க அரசாங்கம் 53 கோடியே 50 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. 2010-ல் அதிபர் ஒபாமாவே அந்தத் தொழிற்சாலைக்கு வந்து பேசிவிட்டுப் போனார். அதற்குள் சிலிக்கான் விலை தடதடவென்று சரிந்துகொண்டிருந்தது. 2009-லேயே 100 டாலருக்குக் கீழே வந்து, 2011 முடிவதற்குள் 30 டாலர் பக்கம் வந்துவிட்டது. சீனப் பேனல்கள் மலிவாகக் கொட்டின. 2011 செப்டம்பரில் சோலின்ட்ரா திவால் மனு கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

குழாய் வேலை செய்யாமல் போகவில்லை, கவனியுங்கள். அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வேறொருவன் விற்கிற பொருளின் விலை கீழே இறங்கியதும் இந்த வடிவத்துக்கான காரணமே காணாமல் போய்விட்டது. நம் பாடப்புத்தகத்தில் எங்கோ ஒரு ஊரில் 'ஏ லிமிடெட்' எக்ஸ் என்ற பொருளைத் தயாரிக்கிறது என்று போடுவார்களே, அதற்குப் பதில் இதைப் போட்டால் யாரும் வகுப்பில் தூங்க மாட்டார்கள்.

அதே 2011-ல் இன்னொரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. 13 வயது அமெரிக்கப் பையன் ஒருவன் குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மரங்களைப் பார்த்து, கிளைகள் ஃபிபனாச்சி எண்களின்படி சுழன்று அமைந்திருப்பதைக் கவனித்து, அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் மரத்தில் சின்னச் சின்ன சோலார் செல்களை வைத்தான். பக்கத்தில் தட்டையாக ஒரு அடுக்கு வைத்து இரண்டையும் அளந்தான். மரம் 20 சதவீதம் அதிகம் தருகிறது, குளிர்காலத்தில் 50 சதவீதம் வரைக்கும்கூட என்று எழுதினான். நியூயார்க்கில் இருக்கிற அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இளம் இயற்கை ஆய்வாளர் விருது கொடுத்தது. பத்திரிகைகள் எல்லாம் தூக்கி வைத்துக் கொண்டாடின.

பிறகுதான் விவரம் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். அவன் அளந்தது வோல்ட்டேஜை மட்டும். மின்சாரம் எவ்வளவு கிடைத்தது என்றால் வோல்ட்டேஜையும் கரண்ட்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். எதுவும் இணைக்காமல் வெறுமனே அளந்தால், மங்கலான வெளிச்சத்தில்கூட ஒரு சோலார் செல் ஏறத்தாழ முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டு, எத்தனை குடம் பிடிக்கலாம் என்று சொல்கிற மாதிரி. தொட்டியில் தண்ணீரே ஒரு சாண்தான் இருக்கலாம் இல்லையா?

எனக்கு அந்தப் பையன்மேல் மரியாதைதான். பதிமூன்று வயதில் நான் வரப்பில் கிரிக்கெட் பந்து தேடிக்கொண்டிருந்தேன். கோபம் எல்லாம் அதைச் சரிபார்க்காமல் போட்ட பெரியவர்கள் மேல்தான். அதைவிடப் பெரிய வம்பு, 'மரம் மாதிரி வைத்தால் கரண்ட் கூடும்' என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்ம ஊர் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

2012-ல் எம்.ஐ.டி.யில் ஒரு குழு கோபுரம், கனசதுரம், துருத்தி மாதிரி மடித்த தூண் என்று முப்பரிமாணமாகப் பேனல்களை அடுக்கிப் பார்த்தது. இவர்கள் ஒழுங்காக மின்சாரத்தையே அளந்தார்கள். அடித்தளப் பரப்புக்கு ஒப்பிட்டால் தட்டைப் பேனலைவிட 2 முதல் 20 மடங்கு வரை அதிக மின்சாரம் என்று முடிவு வந்தது. இருபது மடங்கா! செய்தியாகப் படித்தால் தலை சுற்றும். ஆனால் 'அடித்தளப் பரப்புக்கு' என்ற வார்த்தையைப் பாருங்கள். ஒரு தென்னை மரம் நிற்கிற சதுர அடிக்கு இத்தனை தேங்காய் என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே அதிக மகசூல் தென்னைதான். கோபுரம் கட்டப் பயன்பட்ட பேனல்களின் மொத்தப் பரப்பால் வகுத்தால் கதை வேறு. எதனால் வகுக்கிறோம் என்பதை மாற்றிப் போட்டால் எந்தப் பொருளையும் ஜெயிக்கவைக்கலாம். இடம் பஞ்சமான இடத்தில் இடத்தால் வகுப்பது நியாயம். பணம் பஞ்சமான இடத்தில் பணத்தால் வகுக்க வேண்டும்.

இன்னொன்று, கோபுரத்துக்கு நிஜமான லாபம் சூரியன் தாழ்வாக இருக்கும்போதுதான். நெல் குவியலின் நிழல் சாயங்காலம் நீளமாகிறது அல்லவா, அதே காரணம். குளிர் நாடுகளில் மார்கழி, தையில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே போகும். நாம் இருப்பது வடக்கே சுமார் 10.7 டிகிரியில். சித்திரை முதல் வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை மத்தியானம் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வடக்கே சாய்ந்துகூடப் போகும். இந்த ஊரில் பேனலைத் தெற்கு பார்த்துப் பத்து டிகிரிபோல லேசாகச் சாய்த்து வைத்தால் போதும், ஏறக்குறைய படுக்கவைத்த மாதிரிதான். மழைத் தண்ணீர் வடிய ஒரு சாய்வு வேண்டும், அவ்வளவே. கோபுர வடிவத்துக்கு உலகத்திலேயே லாபம் குறைவான இடங்களில் நம்ம டெல்டாவும் ஒன்று.

சரி, இப்போது ஏன் இதெல்லாம் படித்தேன் என்று சொல்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தப்பா இருக்கிறார். முன்கட்டு மட்டும் தளம் போட்ட வீடு, அது சுமார் 200 சதுர அடி. பின்னால் எல்லாம் ஓடு. கொல்லையில் ஒன்பது தென்னை இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்ததே, அன்றைக்கு ஏழு மரம் சாய்ந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. செல்போனுக்கு சார்ஜ் போட டிராக்டர் பேட்டரி முன்னால் வரிசையில் நின்ற அனுபவம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. அப்போதிலிருந்தே அவருக்கு சோலார் மேல் ஒரு கண்.

இந்த வருஷம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்திருக்கிறார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். தென்னை சாய்ந்த காலி இடத்தில் 'சோலார் மரம்' நட்டுத் தருகிறாராம். இரும்புத் தண்டு, அதில் கிளை கிளையாகப் பேனல். 3 கிலோவாட். விலை 3 லட்சத்து 75 ஆயிரம். "இலை அடுக்கு மாதிரி வைக்கிறதால சாதாரண பேனலைவிட 15 பர்சென்ட் கூடுதல் கரண்ட் சார், இயற்கையோட ஃபார்முலா" என்றாராம். சித்திக்கு மரம் ரொம்பப் பிடித்துவிட்டது. போன மரத்துக்குப் பதில் ஒரு மரம் என்று நினைத்திருப்பார். நகையை வைத்துக் கடன் வாங்கிவிடலாம் என்பது வரை பேச்சு போய்விட்டது. அப்புறம் சித்தப்பா எனக்குப் போன் போட்டு, "தம்பி, நீ கணக்குதானே படிக்கிற, ஒரு தடவை பாத்து சொல்லுடா" என்றார்.

சோலார் மரம் என்பது ஏமாற்று வேலை இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேற்கு வங்கத்தில் துர்காபூரில் இருக்கிற மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஸ்.ஐ.ஆர். அமைப்புகளில் ஒன்று) பல வருஷமாக இதைச் செய்கிறது. 5 கிலோவாட்டுக்குத் தரையில் 400 சதுர அடி வேண்டும் என்றால் மரத்துக்கு 4 சதுர அடி போதும் என்பது அவர்கள் வாதம். 2020-ல் தங்கள் குடியிருப்பு வளாகத்தில் 11.5 கிலோவாட் மரம் ஒன்றை நிறுவினார்கள். 330 வாட் பேனல் 35. விலை சுமார் ஏழரை லட்சம். வருஷத்துக்கு 12,000 முதல் 14,000 யூனிட் என்று சொன்னார்கள். கிலோவாட்டுக்கு வகுத்தால் 65,000 ரூபாய், வருஷத்துக்கு 1,040 முதல் 1,220 யூனிட் வரை. நம்ம ஊரில் தட்டைப் பேனலுக்கு எல்லோரும் சொல்கிற பொதுக்கணக்கு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட், அதாவது வருஷத்துக்கு 1,460. துர்காபூர் வெயிலும் நம் வெயிலும் ஒன்றில்லை என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடுவது சரியில்லை. ஆனால் 15 சதவீதம் கூடுதல் என்பதற்கு இந்த எண்களில் எந்தத் தடயமும் இல்லை. அந்த நிறுவனமே முன்னால் வைப்பது இடம் மிச்சம் என்ற வாதத்தை. இடம் மிச்சம் என்பது வழியில் கைமாறி கரண்ட் அதிகம் என்று ஆகிவிட்டது.

மரத்தில் இலைகள் பல திசை பார்க்கும். வடக்கே பார்த்த பேனலுக்கு மார்கழியில் வெயில் குறைவு. ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழும். பேனல்களை வரிசையாக இணைத்திருப்பார்கள், அதில் ஒன்று நிழலில் மாட்டினால் வாய்க்காலில் மதகு அடைத்த கதைதான், கடைமடை வரைக்கும் பாதிப்பு. இதற்கு பைபாஸ் டயோடு என்று ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அடைபட்ட பங்கு போனது போனதுதான். நிஜ மரத்துக்கு இலை செய்யப் பெரிய செலவில்லை. ஒரு இலை நிழலில் கிடந்தால் அடுத்த பங்குனியில் உதிர்த்துவிட்டு வேறு தளிர்க்கும். நாம் ஒவ்வொரு இலைக்கும் பில் கட்டுகிறோம்.

காற்று இன்னொரு விஷயம். 3 கிலோவாட் என்றால் சுமார் 15 சதுர மீட்டர் பலகை, அது ஒற்றைத் தண்டின் உச்சியில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கிற தள்ளு நான்கு மடங்காகும். தென்னையாவது மட்டையை மடித்துக்கொடுக்கும். பேனல் மடங்காது. ஏழு தென்னை சாய்ந்த அதே மண்ணில் இதை நட அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று சித்தப்பாவைக் கேட்கச் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

இனி காஸ்ட் ஷீட். சித்தப்பா வீட்டில் இரண்டு மாதத்துக்கு சராசரி 360 யூனிட். முதல் 100 யூனிட் நம் மாநிலத்தில் இலவசம். அவர் காசு கொடுப்பது 260 யூனிட்டுக்கு. யூனிட்டுக்குச் சுமார் ஐந்து ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 1,300, வருஷத்துக்கு 7,800 ரூபாய். எவ்வளவு பெரிய சோலார் வைத்தாலும் மிச்சமாகக்கூடிய பில் இவ்வளவுதான். அதற்கு மேல் கிரிடுக்குப் போகிற யூனிட்டுக்குக் கிடைப்பது சொற்பம். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000. அது மரத்துக்கும் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 2,97,000. நகைக் கடனுக்கு 9 சதவீதம் வட்டி போட்டாலே வருஷத்துக்கு 26,730 ரூபாய். மிச்சமாவது 7,800. வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை, அசல் எங்கே போய் நிற்கும்?

தளத்தில் 1 கிலோவாட் தட்டைப் பேனல் வைத்தால்? 100 சதுர அடி போதும், முன்கட்டில் தாராளமாக இடம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். நெட் மீட்டர் கணக்கில் 360-ல் 240 கழிந்து 120 நிற்கும், அதில் 100 இலவசம். பில் கிட்டத்தட்ட காலி. வருஷத்துக்கு 7,200 மிச்சம். விசாரித்த இடத்தில் 65,000 சொன்னார்கள், மானியம் 30,000 போக 35,000. ஐந்து வருஷத்தில் முதல் திரும்பிவிடும். இரண்டாவது கிலோவாட் சேர்த்தால் கூடுதலாக மிச்சமாவது வருஷத்துக்கு 600 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்குப் பில்லில் ஒன்றுமே இல்லை. மார்ஜினல் காஸ்டிங் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும் :-)

இதையெல்லாம் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காசு கிடக்கட்டும்டா. இன்னொரு கஜா வந்தா வீட்ல லைட்டு எரியணும், அதான் எனக்கு" என்றார்.

நான் பயந்த இடம் அதுதான். ஏனென்றால் பேட்டரி இல்லாமல் கிரிடோடு இணைத்த சோலார், ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கிற லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து கரண்ட் போய் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூன்றே முக்கால் லட்சத்து மரத்தில் பேட்டரி கிடையாது. புயலில் அது சாயாமல் நின்றாலும், அந்த மூன்று வாரமும் வீட்டில் மெழுகுவத்திதான். விற்க வந்தவர் இதைச் சொல்லவே இல்லை. சித்தப்பா அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு தடவை "நெசமாவா?" என்றார். பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வைத்தால் தளத்து ஒரு கிலோவாட்டே நாலு லைட்டு, இரண்டு ஃபேன், போன் சார்ஜுக்குத் தாங்கும். அதற்குச் செலவு கூடும், பேட்டரியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், நான் போட்ட ஐந்து வருஷக் கணக்கும் நீளும். ஆனால் அவருக்கு வேண்டியது அதுதான் என்றால் காசு போக வேண்டிய இடமும் அதுதான்.

இவ்வளவு படித்தும் வடிவத்தால் லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடிவம் ஜெயித்த இடம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை. மெருகேற்றிய சிலிக்கான் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், விழுகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் திருப்பி அடித்துவிடும். அதைச் சோப்புக் காய்ச்சுகிற மாதிரியான காரக் கரைசலில் முக்கி எடுத்தால், படிக அமைப்பின் காரணமாக அரிப்பு ஒரே சீராகப் போகாமல் மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பிரமிடுகளாக ஆகிவிடும். ஒவ்வொன்றும் சில மைக்ரான் உயரம், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரமிடின் சரிவில் பட்டுத் தெறிக்கிற ஒளி பக்கத்துப் பிரமிடில் போய் விழும். கேரம்போர்டில் நேராகப் போகாத காயின் ஓரத்தில் பட்டுத் திரும்பிப் பாக்கெட்டில் விழுவது மாதிரி இரண்டாவது வாய்ப்பு. இழப்பு பத்து சதவீதம் அளவுக்கு இறங்கும். அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் இன்னும் குறையும். பேனல் கருநீலமாகத் தெரிய இதுதான் காரணம். உள்ளே போன ஒளியும் சாய்வாகப் போவதால் மெல்லிய வில்லைக்குள்ளேயே நீண்ட தூரம் ஓடும். கூடுதல் சிலிக்கான் ஒரு கிராம்கூட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழுவினர் இதையே தலைகீழ்ப் பிரமிடுகளாகச் செய்து 1999-ல் 24.7 சதவீதம் எட்டினார்கள். 2024-ல் சிலிக்கான் செல்லின் சாதனை 27.3 சதவீதம்.

பழைய பேனல்களில் வட்டமான செல்கள் இருந்தன என்பது எனக்குப் புதிய தகவல். சிலிக்கான் கட்டி உருளையாக வளர்கிறது, அதை வாழைத்தண்டு நறுக்குவது போல நறுக்கினால் வட்டம்தான் வரும். வட்டங்களைத் தாம்பாளத்தில் அதிரசம் மாதிரி வரிசையாக அடுக்கினால் நூற்றுக்கு 21 பங்கு இடம் காலி. ஓரத்தை வெட்டிச் சதுரமாக்கினால் சிலிக்கான் சேதாரம். அதனால்தான் நடுவில் ஒரு சமரசமாக மூலை மழுங்கிய சதுரம். சில வருஷம் பழைய பேனல்களில் செல்களுக்கு நடுவே வெள்ளை வைரம் மாதிரித் தெரியுமே, அது அந்த மழுங்கிய மூலைகள் சேருகிற இடம். இப்போது செல்லைப் பாதியாக வெட்டி வைக்கிறார்கள். கரண்ட் பாதியானால் கம்பியில் சூடாக வீணாவது கால் பங்காகிவிடும். ஒரு வெட்டு, அவ்வளவுதான் புதுமை.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சியின் சிறகைப் பார்த்து, அதில் இருக்கிற ஒழுங்கற்ற நுண்துளைகளை மிக மெல்லிய சிலிக்கான் படலத்தில் செதுக்கினார்கள். நேராக விழும் ஒளியை அந்தப் படலம் உறிஞ்சுவது 97 சதவீதம் கூடியது, 50 டிகிரி சாய்வில் 207 சதவீதம் கூடியது. (மின்சாரமே மூன்று மடங்கு என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். இது மெல்லிய படலத்தின் உறிஞ்சும் அளவு மட்டும்.) அந்தப் பட்டாம்பூச்சி நம்ம ஊரிலும் உண்டு. சிவப்பு உடம்பு, கறுப்புச் சிறகு. அதன் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை இலையை. சித்தப்பா வீட்டுக் கொல்லையில் அது களைபோல முளைத்துக் கிடக்கிறது, அந்த இரும்பு மரம் நடச் சுண்ணாம்பில் குறி போட்ட இடத்திலேயே.

மரத்துக்குக் கொடுத்த ஐயாயிரம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு சித்தப்பா இரண்டு தடவை போன் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.